கணக்கில் விட்ட வெள்ளிக்கிழமை

சேசு மரி சூசை துணை

இராயபுரம்
15.2.1970

அன்புள்ள அக்கா இருதயம்மாளுக்குத் தங்கை ஞானபாக்கியம் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கு நானும் அவரும் மாமியாரும் சுகம். கோலாரில் நீயும் ஸ்டானிஸ்லாஸ் மாமாவும் பிள்ளைகள் மூவரும் சுகம்தானே? சுரங்கத்திலிருந்து வந்தால் மாமா விடிய விடிய இருமுகிறார் என்று எழுதியிருந்தாயே, இப்போது தேவலையா?

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கு மறுபடி தள்ளிப்போயிருக்கிறது. கோயில் காலண்டரில் தினமும் ஜெபம் முடித்து ஒரு கோடு போட்டு வருகிறேன். இன்றைக்கு அறுபத்தாறு. போன வருஷம் கோடு தொண்ணூற்றைந்தில் நின்றது உனக்குத் தெரியும். அதனால் மாமியாருக்கும் உனக்கும் தவிர வேறு யாருக்கும் சொல்லவில்லை.

இப்போது எழுதப்போவதை மாமா இல்லாத நேரம் பார்த்துப் படி. போன புதன்கிழமை விபூதித் திருநாளன்று நெற்றியில் சாம்பலோடு வந்தவர், என் பக்கத்தில் கிடந்த பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டுபோய் முற்றத்தில் தண்ணீர்த் தொட்டி ஓரம் போட்டுக்கொண்டார். ஈஸ்டர்வரை தபசுகாலம், புருஷன் ஒதுங்கிப் படுப்பதுதான் என்று நானும் விட்டுவிட்டேன். உள்ளதைச் சொன்னால் முதல் நாள் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. எனக்கும் பயம்தான் அக்கா. அவர் கை தவறி என் இடுப்பில் பட்டாலே எழுந்து உட்கார்ந்துவிடுவேன். ஆனால் இது தபசு மட்டும் இல்லை. சாப்பாட்டுத் தட்டைக்கூட என் கையிலிருந்து வாங்குவதில்லை. கீழே வைக்கச் சொல்லி எடுத்துக்கொள்கிறார்.

போன வருஷம் எல்லாம் முடிந்த மறுநாள்தான் நீ வந்தாய். அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நான் உன்னிடம் முழுதாகச் சொன்னதில்லை. மருத்துவச்சி கெங்கம்மா கையைக் கழுவிக்கொண்டு போனதும் மாமியார் அவரைக் கூப்பிட்டு நிறுத்தினார். நான் உள்ளே பாயில் கிடந்தேன்.

“இன்னிக்கு ஞாயித்துக்கெயமை. அவகிட்ட என்னிக்குடா போனே?”

“இன்னாம்மா கேள்வி இது?”

“சொல்லுடா!”

“பொதங்கெயம.”

“தபசுகாலத்துலயாடா? பாவி, அத்தினி அவசரமா உனக்கு? பொதன், வியாயன், வெள்ளி, சனி, ஞாயிறு. நாலே நாளு. உன் புள்ளைய நீயே தின்னுட்டு வந்து நிக்கிறியேடா!”

துறைமுகத்தில் ஏழு டன் சரக்கை விஞ்சில் தூக்கி இறக்குகிற மனிதர், சின்னப்பிள்ளை மாதிரி அடித்தொண்டையில் அழுதார். அன்றிலிருந்து ஒன்பது மாதம் பக்கத்தில் படுத்தும் படுக்காதவர்தான். கிறிஸ்துமஸ் நடுச்சாமப் பூசை முடிந்து வந்தபோது நான்தான் அழைத்தேன். வந்தார். அதன் பலன்தான் இது.

நீ மூன்று பெற்றவள். இடையில் ஒன்று தவறியும் இருக்கிறது. உன்னிடம் கேட்காமல் யாரிடம் கேட்பேன்? புருஷன் பெண்சாதி சேர்ந்திருந்தால் கரு கலையுமா? இந்தத் தடவை நாங்கள் எப்படி இருக்க வேண்டும்? பதிலை இன்லண்டில் ஒட்டி அனுப்பு, கார்டில் எழுதாதே. தபால்காரர் நீலமேகம் தெருமுனையிலேயே படித்து முடித்துவிட்டுத்தான் கார்டைக் கொடுக்கிறார்.

மாமாவுக்கு என் ஸ்தோத்திரம். பிள்ளைகளுக்கு முத்தம்.

உன் தங்கை
பாக்கியம்


ஆண்டர்சன்பேட்டை, கோலார் தங்கவயல்
24.2.1970

அன்புத் தங்கை பாக்கியத்துக்கு அக்கா ஆசீர்வாதம். நாங்கள் சுகம். மாமாவின் இருமல் மாமாவோடுதான் போகும்போல. உன் காகிதம் பார்த்துச் சந்தோஷமாகி, ஒரு ஜெபமாலை சொல்லி முடித்துவிட்டுத்தான் மீதியைப் படித்தேன். படித்ததும் எனக்கு வந்த கோபத்துக்குச் சொன்ன ஜெபமாலை வீணாய்ப் போனது.

உன் மாமியார் சிலுவையம்மாள் கூடையில் மீன் எண்ணுகிற மாதிரியா நாள் எண்ணினார்? எனக்கு இங்கே மூன்றும் எப்படிப் பிறந்தன என்று நினைக்கிறாய்? இது இரண்டு அறை உள்ள கம்பெனி லயன் வீடு. உன் மாமா எந்தத் தபசுகாலத்தையும் சுரங்கத்துக்குள்ளேயே விட்டுவிட்டு வருகிறவர். நான் எதற்கும் வேண்டாம் என்றதில்லை. மூன்றும் குத்துக்கல்லாட்டம் இருக்கின்றன. தவறின ஒன்றுக்கு என்ன காரணம் என்று உனக்குத் தெரியுமா? என் மாமியார் நான் ஆட்டுக்கல்லை நகர்த்தினேன் என்றார். ஆட்டுக்கல்லை நகர்த்தினது வாஸ்தவம். உன் மாமா பக்கம் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

போன வருஷம் நடந்ததற்கு உன் புருஷன் லூயிஸ்தான் காரணம் என்று எந்த வைத்தியர் சொன்னார்? முதலில் பெரிய டாக்டரம்மாவைப் போய்ப் பார். லூயிஸையும் கூட்டிக்கொண்டு போ. அவர் காதாலேயே கேட்கட்டும்.

வேறு என்ன. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? கோயிலில் முழங்காலிட முடிகிறதா?

அக்கா
இருதயம்மாள்


இராயபுரம்
12.3.1970

அன்புள்ள அக்காவுக்கு, சர்வேசுரன் தயவால் நானும் வயிற்றிலிருப்பதும் சுகம். கோடு தொண்ணூற்றொன்று.

நீ சொன்னபடி பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவரும் வந்தார். ஆனால் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியிலேயே நின்றுகொண்டார். வெட்கத்தை விட்டுக் கேட்டேன். டாக்டரம்மா என்னை உட்காரவைத்துச் சொன்னார். “இரத்தம் எதுவும் படலை இல்ல? அப்ப பயப்பட ஒண்ணுமில்லை. உன் மனசு சமாதானத்துக்குக் கரு தரிச்சு மூணு மாசம் முடியற வரைக்கும் வேணா ஒதுங்கி இருங்க. ஆனா போன குழந்தை அதனால போகலைம்மா. முக்காவாசி கரு உள்ளேயே சரியா கட்டாமப் போறதுதான். யார் மேலயும் பழி இல்லை.”

வெளியே வந்து அவரிடம் அதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். சைக்கிள் ரிக்‌ஷாவில் என்னை ஏற்றிவிட்டு, அவர் கூடவே நடந்து வந்தார். வழியில் சொன்னார்: “அந்தம்மாவுக்கு இன்னா தெரியும் பாக்கியம்? அல்லாருக்கும் சொல்றதுதான் உனக்கும் சொல்லிக்கீது. நாலு நாளு கணக்கு அந்தம்மாவுக்குத் தெரியுமா?”

கணக்கு என்று சொன்னதும், வேகமாக மிதிக்கும்படி வண்டிக்காரரிடம் சொன்னேன்.

இப்போது தினமும் இரண்டு ஷிப்டு பார்க்கிறார். துறைமுகத்தில் நடந்ததைப் பக்கத்து வீட்டு அஜீசா வந்து சொன்னாள். அவள் புருஷன் மஜீதும் அதே விஞ்சில்தான். “இன்னா மாமு, வூட்ல பாயி பஞ்சமா? கப்பல்லயே குடித்தனம் வச்சிக்கினியா?” என்று மஜீது கிண்டல் செய்தாராம். எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். இவர் மட்டும், “என் கை ராசியில்லாத கை, தோஸ்து. வூட்ல வச்சிக்கக் கூடாது” என்றாராம். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை என்றாள் அஜீசா. சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் உலையில் அரிசி களைந்து போட்டேன்.

கல்யாணமான புதிதில் கோயிலில் நான் முழங்காலிடும் இடத்தில் தன் தோள் துண்டை நாலாக மடித்துக் கல்லின்மேல் போடுவார், நினைவிருக்கிறதா? “பொண்டாட்டிக்கு மெத்தை போடறாண்டி என் புள்ள” என்று மாமியார் பீடம்வரை கேட்கிற மாதிரி முணுமுணுப்பார். இப்போது எனக்கு அந்தத் துண்டு தேவைப்படுவதில்லை. பெஞ்சியில் உட்கார்ந்தே ஜெபிக்கிறேன்.

ஈஸ்டர் வந்தால் தபசு முடிகிறது, மூன்று மாதமும் தாண்டுகிறது. அதற்குப் பிறகு என்ன சாக்குச் சொல்வார்? எனக்காக வேண்டிக்கொள்.

பாக்கியம்


(தபால் கார்டு)

கோலார்
20.3.1970

பாக்கியத்துக்கு. சுகம். உன் காகிதம் வந்தது. ஈஸ்டர் முடிந்ததும் வெட்கம் பார்க்காதே. நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. விளக்கெண்ணெய் காய்ச்சித் தடவு.

இருதயம்


இராயபுரம்
6.4.1970

அன்புள்ள அக்காவுக்கு, உயிர்த்த ஆண்டவருடைய சமாதானம் உங்கள் வீட்டில் தங்குவதாக. இங்கே நான் சுகம். கோடு நூற்றுப்பதினாறு. போன தடவை நின்ற இடத்தைத் தாண்டி இருபத்தோரு நாள்.

விளக்கெண்ணெய் எதற்கு என்று கார்டைக் கொடுக்கும்போது நீலமேகம் கேட்டார். தலைக்கு என்றேன்.

ஈஸ்டரன்று சாயந்தரம் நானே முற்றத்துக்குப் போய் அவர் பாயைச் சுருட்டி எடுத்துவந்து என் பாய்க்குப் பக்கத்தில் விரித்தேன். மாமியார் திருவொற்றியூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். வந்து பார்த்தவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். “டாக்டரம்மா சொன்ன மூணு மாசமும் முடிஞ்சிபோச்சி. தபசும் முடிஞ்சிபோச்சி” என்றேன். வந்து உட்கார்ந்தார். அவர் கையை நான்தான் எடுத்து என் வயிற்றின்மேல் வைத்தேன். வேறு ஒன்றும் நான் கேட்கவில்லை அக்கா, அந்தக் கை அங்கே இருந்தால் போதும் என்று இருந்தது. வைத்த கை நடுங்க ஆரம்பித்தது. கையிலிருந்து தோளுக்கு, தோளிலிருந்து பல்லுக்கு. விசுக்கென்று எழுந்து முற்றத்துக்கு ஓடிச் சாக்கடையில் வாந்தி எடுத்தார். ஈஸ்டருக்கு ஆசையாகச் செய்த கறி அத்தனையும்.

முதுகைத் தடவப்போனேன். “கிட்ட வராதே. உனக்குக் கும்புட்டுக் கேக்கறேன், வராதே” என்றார்.

அப்போது சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது.

இதில் இன்னொன்றும் இருக்கிறது, உனக்கு மட்டும் எழுதுகிறேன். போன வருஷத்திலிருந்து மாமியார் என்னை ஒரு குடம் தண்ணீர் தூக்க விட்டதில்லை. மூன்று வருஷம் வயிறு திறக்காதவள் என்று தெருக்குழாயடியில் என்னைப் பேசிய அதே வாயால், “என் புள்ள பண்ண பாவத்துக்கு நீ அனுபவிக்கிறே” என்று எனக்குத் தினமும் ஒரு முட்டை அவித்துக் கொடுக்கிறார். அந்த முட்டையை நான் தின்கிறேன்.

இன்னும் ஒரு செய்தி. தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் கட்டுகிறார்கள். கிரேன் வேலைக்கு ஆள் எடுக்கிறார்களாம். பிரசவம் முடியும்வரை போகிறேன் என்று பெயர் கொடுத்திருக்கிறார். வருகிற இருபதாம் தேதி ரயில். “நான் ஒரே வூட்ல இருந்தாத்தானே பயம்? நானூறு மைல் தள்ளி இருந்தா அது பாட்டுக்கு வளரும்” என்கிறார்.

போகாமல் நிறுத்த ஒரு வழி சொல்.

பாக்கியம்


கோலார்
11.4.1970

பாக்கியம்,

இங்கே யாவரும் சுகம். இருபதாம் தேதிக்குள் இது கிடைக்க வேண்டும் என்று உடனே எழுதுகிறேன்.

வழி என்னிடம் இல்லை, உன்னிடம் இருக்கிறது. போன வருஷம் நான் வந்து உன்னை மணையில் உட்காரவைத்து வெந்நீர் ஊற்றினவள். இரண்டு முழங்காலிலும் தோல் உரிந்து, மண் ஒட்டிப் பொருக்குக் கட்டியிருந்தது. இடது காலில் சீழ். தேய்க்கும்போது நீ பல்லைக் கடித்துக்கொண்டாய். எதனால் என்று நான் கேட்கவில்லை, நீயே சொல்லுவாய் என்று இருந்தேன். ஒரு வருஷமாக ஒவ்வொரு காகிதத்திலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வாய்வரை வந்தது என்று எழுதியிருக்கிறாயே, அது என்ன? என்னிடம் எழுத வேண்டாம். அவர் ரயில் ஏறும் முன்னால் அவரிடம் சொல்.

இருதயம்மாள்


கோலார்
7.6.1970

பாக்கியத்துக்கு,

இரண்டு மாதமாகக் காகிதம் இல்லை. இரண்டு கார்டு போட்டேன், அதற்கும் பதில் இல்லை. என்மேல் கோபம் என்றால் இருக்கட்டும். வயிறு எப்படி இருக்கிறது என்று மட்டும் ஒரு வரி எழுது. அவர் போய்விட்டார் என்று வேறு யார் மூலமோ தெரிந்துகொண்டேன்.

உன்னைக் குற்றம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை என்றும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு உன் முழங்காலைப் பார்த்தபோதே நான் வெளியே வந்து உன் மாமியாரிடம் இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாசலில் உன் மாமியார் திட்ட, லூயிஸ் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு என் ஆட்டுக்கல் ஞாபகம் வந்தது. ஒரு தடவையாவது ஒரு ஆம்பிளை இதைச் சுமக்கட்டுமே என்று இருந்தது. அதனால் வாயை மூடிக்கொண்டு கருவாட்டுக் குழம்பு வைத்தேன். போன வாரம்தான் இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். சாமியார் மூன்று பரலோக மந்திரம் சொல்லச் சொன்னார். இவ்வளவுதானா என்று இருந்தது.

இருதயம்


தூத்துக்குடி
20.6.1970

ஞானபாக்கியத்துக்கு லூயிஸ் எழுதுவது. நான் சுகம். உன் சுகமும் வயிற்றில் இருக்கிற பிள்ளையின் சுகமும் அம்மாவின் சுகமும் அறிய ஆவல்.

இங்கே வேலை நல்ல வேலை. கல்லைத் தூக்கிக் கடலில் போடுகிறோம், அவ்வளவுதான். காற்று நம் ஊர்க் காற்று மாதிரிதான், உப்பு கொஞ்சம் ஜாஸ்தி. ராத்திரி கொட்டாயில் இருபது பேர் படுக்கிறோம். ஆசீர்வாதம் என்று ஒரு பெரியவர் எனக்கு எழுத்து சரிபார்த்துத் தருகிறார். ஆனால் இந்தக் கடுதாசியை அவரிடம் காட்டவில்லை. பிழை இருந்தால் மன்னித்துக்கொள்.

ஆறு மாதம் முடிந்திருக்கும் என்று கணக்குப் போட்டேன். நான் சொன்னேன் பார்த்தாயா, நான் தள்ளி இருந்தால் அது பத்திரமாக இருக்கும் என்று. தினமும் சாயந்தரம் கோயிலுக்குப் போகிறேன். முதல் பிள்ளைக்கு ஒரு மெழுகுவர்த்தி, அதனிடம் மன்னிப்புக் கேட்டு. ஞானஸ்நானம் இல்லாத பிள்ளைக்கு நாம் சொல்வது கேட்குமா என்று சாமியாரைக் கேட்டேன். அவருக்கும் சரியாகத் தெரியவில்லை.

நீ என்னை வெறுக்காமல் இருந்ததற்கு உனக்கு நான் கடன்பட்டவன். வேறு பெண்ணாக இருந்தால் தாய் வீட்டுக்குப் போயிருப்பாள். ஒரு நாள்கூட நீ என்னை ஒரு சொல் சொன்னதில்லை.

குழாயடியில் வழுக்கும். பார்த்து நட.

இப்படிக்கு
லூயிஸ்


இராயபுரம்
2.7.1970

என் பிரியமுள்ள கணவருக்கு, உங்கள் ஞானபாக்கியம் எழுதிக்கொள்வது. நான் சுகம். பிள்ளை நன்றாக உதைக்கிறது. அத்தையும் சுகம்.

உங்கள் கடுதாசியை மடியிலேயே வைத்திருக்கிறேன். நான் உங்களை ஒரு சொல் சொன்னதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. தயவுசெய்து தனியாக உட்கார்ந்து படியுங்கள்.

மூன்று வருஷம் பிள்ளை இல்லாமல் இருந்தபோது மாதாவிடம் ஒரு நேர்ச்சை செய்திருந்தேன். எனக்குப் பிள்ளை பிறந்தால் கோயிலை மூன்று சுற்று முழங்காலால் வருகிறேன் என்று. பிறந்த பிறகு செலுத்த வேண்டிய நேர்ச்சை அது. என் குணம் உங்களுக்குத் தெரியும். பால்காரருக்கும் ஒன்றாம் தேதிக்கு முந்தின நாளே கொடுத்துவிடுகிறவள் நான். போன வருஷம் தபசில் தொண்ணூறு நாள் தாண்டியதும், இனிப் பிள்ளை தங்கிவிட்டது, கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிடுவோம் என்று நினைத்தேன். மாதாவுக்குக் காத்திருக்கத் தெரியும், எனக்குத்தான் தெரியவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை நீங்கள் பகல் ஷிப்டு. அத்தை மீனுக்குப் போயிருந்தார். மூன்று மணிக்குச் சிலுவைப்பாதை முடிந்து எல்லாரும் போனபிறகு, கொடிமரத்தடியில் முழங்காலிட்டு ஆரம்பித்தேன். மணல் கொதித்தது. இரண்டாவது சுற்றில் அடிவயிற்றில் ஒரு பிடி பிடித்தது. நிறுத்தியிருக்கலாம். இரண்டு சுற்றோடு நிறுத்தினால் நேர்ச்சை பாக்கி நிற்குமே என்று மூன்றாவதையும் முடித்தேன். சனிக்கிழமை இடுப்பு வலித்தது. ஞாயிற்றுக்கிழமை நடந்தது உங்களுக்குத் தெரியும்.

அத்தை புதன், வியாழன், வெள்ளி, சனி என்று எண்ணிக்கொண்டு வந்தபோது வெள்ளிக்கிழமையைச் சொல்லாமல் விட்டவள் நான். சொன்னால் பிள்ளையைக் கொன்றவள் என்று என்னைச் சொல்வார்கள் என்று பயம். அப்புறம் நேர்ச்சை செலுத்தியதைப் பாவம் என்று எந்தச் சாமியாரிடம் சொல்வது என்றும் தெரியவில்லை. அப்புறம் நாள் போய்விட்டது.

டாக்டரம்மாவிடம் அன்று இதையும் கேட்டேன். முழங்காலிட்டால் போகுமா என்று. சிரித்தார். அதனாலும் போகாது, எதனாலும் இல்லை, அதுவாகப் போவதுதான் என்றார். உங்கள்மேலும் இல்லை, என்மேலும் இல்லை. நான் அன்றே இரண்டையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். என் பாதியை விட்டுவிட்டு உங்கள் பாதியை மட்டும் சொன்னேன். அதனால்தான் நீங்கள் நம்பவில்லை.

இதை அத்தையிடமும் இன்று காலை சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டு மீன் கூடையை எடுத்துக்கொண்டு போனார். குடத்தை நானே தூக்கிக்கொள்கிறேன்.

உங்கள் கை நல்ல கை. திரும்பி வாருங்கள்.

ஞானபாக்கியம்


(தபால் கார்டு)

இராயபுரம்
22.9.1970

அக்காவுக்கு. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். சனிக்கிழமை விடியற்காலை ஆண் குழந்தை. ஆறே முக்கால் ராத்தல். இருவரும் சுகம். தூத்துக்குடிக்குத் தந்தி அடித்தது அஜீசா வீட்டு மஜீது. ஜூலையில் நான் எழுதினதற்கு அங்கிருந்து இன்னும் பதில் வரவில்லை. உன்னிடம் பேசாமல் இருந்ததற்கு மன்னித்துக்கொள்.

பாக்கியம்


இராயபுரம்
3.11.1970

அன்புள்ள அக்கா இருதயம்மாளுக்கு,

என் முழங்கால் சுகம். ஒன்றரை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாய், அதனால் அதை முதலில் எழுதுகிறேன். நீ அனுப்பிய ஸ்வெட்டரும் தொப்பியும் வந்தன. இங்கே இன்னும் குளிர் வரவில்லை, மார்கழிக்கு ஆகட்டும் என்று பெட்டியில் வைத்திருக்கிறேன். குழந்தைக்குக் கஸ்பார் என்று பெயர் வைத்தாயிற்று, அவருடைய அப்பா பெயர்.

அவர் வந்துவிட்டார். தந்தி கண்டு எட்டாம் நாள் வந்தார். கறுத்து, கன்னம் ஒட்டி. கைகால் கழுவிக்கொண்டு நேரே தொட்டிலுக்குப் போய்க் குழந்தையை எடுத்துக்கொண்டார். கை நடுங்கவில்லை. பழக்கப்பட்ட கை மாதிரி தலைக்கு அடியில் கொடுத்துத் தூக்கினார். எனக்கு அப்படியே அவர் காலில் விழலாம் என்று இருந்தது.

என் கடுதாசி அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. மடிப்பெல்லாம் கிழிந்து, உப்பு பூத்து. துவைக்கப் போடும்போது எடுத்துச் சுவர்ப் பிறையில் வைத்தேன். அதைப் பார்த்தபிறகுதான் கேட்டார்.

“அன்னிக்கு எங்கம்மா என்னை நிக்க வச்சிக் கேக்க சொல்ல, நீ எங்க இருந்தே?”

“உள்ளதான். பாயில.”

“தூங்கிகினா?”

“இல்ல.”

“முயிச்சிகினுதான் இருந்தே.”

“ஆமா.”

“நான் அயுதேனே, அது கேட்டுச்சா?”

“கேட்டுச்சிங்க.”

கொஞ்ச நேரம் குழந்தையின் விரலைப் பிரித்துப் பிரித்து மூடிக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார்: “முட்டி போட்டதெல்லாம் ஒண்ணுமில்ல பாக்கியம். நல்லதுக்குத்தானே போட்டே. போவுது. ஆனா முயிச்சிகினு இருந்தே பாரு.”

அவ்வளவுதான். கத்தவில்லை. குடிக்கவில்லை. நான் எதிர்பார்த்தது எதுவும் நடக்கவில்லை. மாமியார்தான் மகன் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “இன்னாத்துக்குடா மூஞ்சிய தூக்கிகினு கீறே? அதான் புள்ள பொறந்துக்கீதே” என்று தட்டில் சோறு போட்டார். எனக்கு முட்டை அவிப்பதை ஜூலையிலேயே நிறுத்திவிட்டார். அது நியாயம்தான்.

துறைமுகத்தில் பழைய வேலைக்கே போகிறார். ஒரு ஷிப்டுதான். சாயந்தரம் ஆனால் வீட்டுக்கு வந்துவிடுகிறார். பாய் முற்றத்தில் இல்லை, உள்ளே என் பாய்க்குப் பக்கத்தில்தான் விரிக்கிறார். தட்டை என் கையிலிருந்தே வாங்கிக்கொள்கிறார். கை பட்டால் சட்டென்று இழுத்துக்கொள்வதும் இல்லை. பயம் சுத்தமாகப் போய்விட்டது அக்கா. பட்ட கையை அப்படியே எடுத்துக்கொண்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துத் தூங்கிவிடுகிறார்.

போன வியாழக்கிழமை குழந்தை பிறந்து நாற்பதாம் நாள். பிள்ளை பெற்றவள் மெழுகுவர்த்தியோடு கோயில் வாசலில் முழங்காலிட்டிருக்க, சாமியார் வந்து மந்திரித்து உள்ளே அழைத்துப்போவாரே, அதற்குப் போனோம். மாமியார் குழந்தையை வைத்திருந்தார். இவர் என் பக்கத்தில் நின்றார், தோளில் துண்டோடு. வாசற்கல்லைப் பார்த்தேன். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு முதல் தடவை. குனியும் முன்னால் கொஞ்சம் தாமதித்தேன், ஏன் என்று உனக்குத் தெரியும்.

துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். மாமியாரிடம் இருந்த குழந்தையின் வாயில் வழிந்த பாலைத் துடைத்தார். உதறி, மறுபடி தோளில் போட்டுக்கொண்டார்.

நான் கல்லில் முழங்காலிட்டேன். மழை பெய்து ஓய்ந்த காலை, சில்லென்று இருந்தது. வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

மாமாவின் இருமலுக்கு ஆடாதோடைக் கஷாயம் கொடுத்துப் பார். பிள்ளைகளுக்கு என் முத்தம்.

உன் தங்கை
ஞானபாக்கியம்